60 வயது எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தில் முதியோர் எண்ணிக்கை பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் மாநிலத்தில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. அது 2021இல் 13.6 விழுக்காட்டையும் 2031இல் 18.2 விழுக்காட்டையும் எட்டும் என்று மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு கணித்தது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். கிண்டியில் முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டதும், 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருவதும் மனமாரப் பாராட்டத்தக்கவை. ஆனால் 60 என்று நாம் போட்டிருக்கும் கோடு எல்லா உடம்புக்கும் பொருந்துமா என்ற கேள்வியை அரசு ஆணைகளிலும் காண முடியவில்லை, பத்திரிகை விவாதங்களிலும் காண முடியவில்லை. கிராம நிர்வாக அலுவலராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி 2017இல் ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2014ஆம் ஆண்டு கோடையில், என் கிராமக் கணக்கில் இருந்த ஒரு விவசாயக் கூலிப் பெண்மணி முதியோர் ஓய்வூதியத்துக்கு மனு கொடுத்தார். கணவர் இல்லை, மகள் அதே ஊரில் கூலி வேலைக்குப் போகிறவர். பதினோரு வயதிலிருந்து நடவும் களையெடுப்பும், பருவம் தவறினால் கரும்பு வெட்டும், அதுவும் இல்லாத மாதங்களில் செங்கல் சூளையுமாக வாழ்ந்தவர். முன்பற்கள் இல்லை. இடது கண்ணில் புரை முற்றி வெளுத்திருந்தது. என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் நிற்க முடிந்தது. அந்த விரல்களின் நகங்கள் சேற்றுப்புண்ணில் பலமுறை விழுந்து முளைத்துத் தடித்துப்போயிருந்தன. அவர் நீட்டிய வாக்காளர் அட்டையில் ‘1.1.1995 அன்று வயது 38’ என்று அச்சாகியிருந்தது. கணக்குப் போட்டால் 57. இன்னும் மூன்று ஆண்டு கழித்து வாருங்கள் என்று சொன்னேன். “அறுபது ஆச்சோ ஆவலையோ, உடம்புக்கு ஆயிப்போச்சுங்க ஐயா” என்றார். விதியை நான் மீற முடியாது. வயது நிறைவடையவில்லை என்று எழுதி மனுவைத் திருப்பினேன். 2016 கார்த்திகையில் அவருடைய மரணத்தையும் நானே பதிவேட்டில் எழுதினேன். வயது 59. நான் அவரைவிட இரண்டே வயது இளையவன். இன்றும் காலையில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன்.

இந்த இரண்டு வயதுக் கணக்கு என்னை விட்டு அகலவே இல்லை. பொதுச் சுகாதாரம் படிக்கும் என் மருமகள் வீட்டில் வைத்திருந்த சில ஆய்வறிக்கைகளை ஓய்வுக்குப் பின் பொறுமையாகப் படித்தபோதுதான், இதையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்தது. லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, சிட்னியில் மருத்துவம் படித்த சர் மைக்கேல் மார்மட் என்பவர் அவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராக இருந்து, சமூகப் படிநிலைக்கும் நோய்க்கும் முதுமைக்கும் உள்ள உறவை அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருபவர்.

அவர் ஆராய்ந்தது ஏழை நாட்டையோ பசியால் வாடியவர்களையோ அல்ல என்பதே என்னை முதலில் நிமிர்ந்து உட்கார வைத்தது. லண்டனில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் தெருவுக்கு ஒயிட்ஹால் என்று பெயர். நம் ஊரில் கோட்டை என்று சொல்வது போல, அங்கே ஒயிட்ஹால் என்றால் அரசு நிர்வாகம் என்று பொருள். அங்கே பணிபுரிந்த 40 முதல் 64 வயது வரையிலான ஆண் ஊழியர்கள் சுமார் 18 ஆயிரம் பேரை 1967 முதல் மருத்துவர்கள் பரிசோதித்து, அவர்களில் யார் எப்போது எதனால் இறந்தார்கள் என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து குறித்து வந்தனர். மார்மட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1984இல் வெளியிட்ட முடிவு இது: பத்து ஆண்டுக் காலத்தில், உயர் நிர்வாகிகளோடு ஒப்பிட்டால், தபால் கொண்டுசெல்லும் சேவகர்கள் முதலான கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் மும்மடங்கு. மாரடைப்பிலும் மும்மடங்கு, எல்லாக் காரணங்களையும் கூட்டிப் பார்த்தாலும் மும்மடங்கு.

இவர்கள் எல்லோருமே நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் பெற்றவர்கள். 1948 முதல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச அரசு மருத்துவம் உண்டு. ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. அப்படியிருந்தும் படிக்குப் படி வேறுபாடு இருந்தது. கடைசிப் படிக்கும் முதல் படிக்கும் இடையில் மட்டும் அது இருந்திருந்தால் வறுமை என்று சொல்லி முடித்திருக்கலாம். இரண்டாம் படியில் இருந்த நல்ல சம்பளக்காரர்களும் முதல் படியில் இருந்தவர்களைவிட விரைவாக இறந்தார்கள். கீழ்நிலை ஊழியர்கள் அதிகம் புகைபிடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. புகைபிடிக்காதவர்களிடையேயும் அதே படிக்கட்டு இருந்தது.

1985இல் அவர் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் 35 முதல் 55 வயது வரையிலான 10,308 ஊழியர்கள் சேர்க்கப்பட்டனர். மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருகிறது என்பது அதில் வெளிப்பட்ட முக்கியமான செய்திகளுள் ஒன்று. இதைப் படித்தபோது என்னோடு இருபது ஆண்டுகள் பணியாற்றிய கிராம உதவியாளர், ஊர்ப் பேச்சில் தலையாரி, என் கண்முன் வந்தார். வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தபால் எடுத்துச் செல்ல வேண்டும். வருவாய் ஆய்வாளர் வந்தால் புல எண் காட்ட வயல் வரப்பில் முன்னே நடக்க வேண்டும். கிணற்றிலோ ஏரியிலோ பிணம் கிடந்தால் போலீஸ் வரும்வரை, அது நள்ளிரவே ஆனாலும், காவல் இருக்க வேண்டும். அடுத்த ஒரு மணி நேரத்தில் தான் எங்கே இருப்போம் என்பதை அவர் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. நான் உட்பட மேலே இருந்த எவர் வேண்டுமானாலும் தீர்மானித்தோம். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு மாரடைப்பு வந்தது. பீடி பிடிப்பார், அதனால்தான் என்று அலுவலகத்தில் பேசி முடித்துவிட்டோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் ஆய்வு நிற்கவில்லை. அவர்களுடைய முதுமையையும் தொடர்ந்து பதிவு செய்தார்கள். தாரணி சந்தோலா முதன்மை ஆசிரியராகவும் மார்மட் இணை ஆசிரியராகவும் இருந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின் ஒரு முடிவைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை. உயர்பதவியில் இருந்த ஒருவர் 70 வயதில் எந்த உடல்நிலையில் இருக்கிறாரோ, அதே உடல்நிலையைக் கீழ்நிலையில் இருந்தவர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முன்னதாகவே அடைந்துவிடுகிறார். நடுவயதில் இந்த இடைவெளி நாலரை ஆண்டுதான். வேலையை விட்டு, மேலதிகாரியை விட்டு வீட்டுக்கு வந்த பிறகு இடைவெளி குறைந்திருக்க வேண்டாமா? கூடியிருக்கிறது. உழைத்த காலத்தில் உடம்பு பட்ட கடன் முதுமையில் வட்டியோடு வசூலாகிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். 2002இல் இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்தவர்களிடையே தொடங்கிய நீண்டகால முதுமை ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. இலவச மருத்துவம் இருக்கும் இங்கிலாந்தையும் அது இல்லாத அமெரிக்காவையும் ஒப்பிட்டு 2020இல் வந்த ஒரு கட்டுரையின்படி, 50 வயதுக்குப் பின் இயலாமை இல்லாமல் வாழும் காலம் செல்வர்களுக்கும் எளியவர்களுக்கும் இடையே இரு நாடுகளிலுமே எட்டு, ஒன்பது ஆண்டுகள் வேறுபடுகிறது. மருத்துவமனை அவசியம், அது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2010இல் பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் மார்மட் ஓர் அறிக்கை அளித்தார். இங்கிலாந்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் வாழ்பவர்கள் மிக வசதியான பகுதிகளில் வாழ்பவர்களைவிடச் சராசரியாக ஏழு ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். இயலாமை இல்லாத ஆண்டுகளில் வேறுபாடு பதினேழு என்றது அது. அப்போது அங்கே அரசு ஓய்வூதிய வயதை 68 வரை உயர்த்தும் திட்டம் இருந்தது. மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் இயலாமை இல்லாமல் 68 வயதை எட்டுவதில்லை என்பதை அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. ஓய்வூதிய வயது என்பது நிதித்துறையின் கணக்கு மட்டும் அன்று, உடம்பின் கணக்கும்கூட என்பதை ஒரு மருத்துவர் அரசுக்குச் சொன்ன இடம் அது.

இது வெள்ளைக்காரர் ஊர்க் கதை, நமக்கெதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் மார்மட் தலைமையில் அமைத்த ஆணையத்தில் அமர்த்திய சென்னும், குஜராத்தின் சுயதொழில் பெண்கள் சங்கமான ‘சேவா’வைச் சேர்ந்த மிராய் சாட்டர்ஜியும் உறுப்பினர்கள். நம் நாட்டிலேயே, வட இந்தியா, கிழக்கிந்தியா, அசாம் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் இரண்டு கோடி பேரின் தரவுகளைக் கொண்டு சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆசிஷ் குப்தா ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளின் ஆயுள் எதிர்பார்ப்பு நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேலும் குறைவு. இந்த வேறுபாட்டில் பாதிக்கும் குறைவான பங்கைத்தான் பொருளாதார நிலையைக் கொண்டு விளக்க முடிகிறது. ஒயிட்ஹாலில் பதவிப் படிக்கட்டு செய்ததை இங்கே சாதிப் படிக்கட்டும் சேர்ந்து செய்கிறது.

இந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நம்மிடம் தரவு இல்லையா என்றால், இருக்கிறது. அதை நானே என் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இறப்பு அறிக்கைப் படிவம் இரண்டு பகுதிகள் கொண்டது. பெயர், வயது, முகவரி அடங்கிய சட்டப் பகுதி பதிவேட்டில் தங்கிவிடும். மற்றொன்று புள்ளிவிவரப் பகுதி. இறந்தவரின் தொழில் என்ன, கடைசியில் என்ன மருத்துவம் கிடைத்தது, எத்தனை ஆண்டுகள் புகைபிடித்தார், எத்தனை ஆண்டுகள் புகையிலையும் பாக்கும் போட்டார், குடித்தார் என்றெல்லாம் அது கேட்கும். அந்தப் பகுதியைப் பிரித்து மேலே அனுப்பிவிட வேண்டும். இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறது, ஆனால் கேள்விகள் இவைதாம். தொழில் என்ற இடத்தில் நாங்கள் பெரும்பாலும் ‘கூலி’ என்று ஒரே சொல்லை எழுதினோம். கணவனோடு சேர்ந்து ஆயுள் முழுக்க வயலில் உழைத்த பெண்களுக்கு ‘வீட்டு வேலை’ என்று எழுதியதும் உண்டு. அது பிழை என்பதை இப்போது உணர்கிறேன். அந்தப் பெண்மணிக்கு நான் ‘விவசாயக் கூலி’ என்று முழுதாகவே எழுதினேன். புகை, மது எதுவும் இல்லை; வெற்றிலைப் பாக்கு மட்டும் உண்டு. எத்தனை ஆண்டுகள் குனிந்து நாற்று நட்டார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

இந்தக் கட்டங்களில் நிரப்பியதெல்லாம் எந்த வட்டத்தில் எந்தத் தொழில் செய்தவர்கள் எந்த வயதில் இறக்கிறார்கள் என்ற அட்டவணையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்து நான் கண்டதில்லை. 2017-18இல் நாடெங்கும் 45 வயதுக்கு மேற்பட்ட 72 ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்ட இந்திய நீண்டகால முதுமை ஆய்வு நல்ல தொடக்கம். முதுமையை ஆராய வந்தவர்கள் 60 வயதுக்காகக் காத்திராமல் 45இலேயே கேள்வி கேட்கத் தொடங்கியதைக் கவனிக்க வேண்டும். மாதிரி ஆய்வால் ஒரு ஒன்றியத்தின் நிலையைச் சொல்ல முடியாது. மரணப் பதிவேட்டால் முடியும்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962 முதல் வழங்கப்படுகிறது. 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய் என்று பல ஆண்டுகளாக நிற்பது வேதனைக்குரியது. தொகை உயர வேண்டும் என்பதைப் பலரும் பேசுகிறார்கள். வயதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. விவசாயக் கூலிகள், செங்கல் சூளை, உப்பளம், கட்டுமானம், தூய்மைப் பணி என்று உடம்பை மூலதனமாக வைத்து உழைத்தவர்களுக்கு ஓய்வூதிய வயதை 50 அல்லது 55 ஆகக் குறைக்க வேண்டும். இது புதுமையான யோசனை இல்லை. ஆந்திரத்தில் பழங்குடியினர், நெசவாளர், மீனவர், கள் இறக்குவோர் ஆகியோருக்கு 50 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஜார்க்கண்டில் பழங்குடியினர், தலித்துகள், பெண்கள் ஆகியோருக்கு வயது வரம்பை 50 ஆகக் குறைக்க 2024இல் முடிவெடுத்தார்கள். நம் மாநிலத்திலேயே திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயதில் உதவித்தொகை வழங்கும் திட்டம் இருக்கிறது. ஆக, 60 என்பது மாற்ற முடியாத எண் என்று யாரும் வாதிட முடியாது.

யார் உடலுழைப்பாளி என்பதை எப்படி உறுதி செய்வது, தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிட மாட்டார்களா என்று கேட்பார்கள். ஓய்வூதிய மனுக்களை விசாரிப்பதே என் வேலையாக இருந்ததால் இந்தக் கேள்வியின் நியாயம் எனக்குத் தெரியும். சிபாரிசோடு வந்த மனுக்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவும், நூறு நாள் வேலை அட்டையில் ஆண்டுவாரியாகப் பதிவான வேலை நாட்களும், ஒரு பெண்ணின் உழைப்புக்கு அவருடைய பிறந்த தேதியைவிட நம்பகமான சான்றுகள். நம் கிராமங்களில் அந்தத் தலைமுறையில் பலருடைய பிறந்த தேதி ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று இருப்பதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஊகித்துப் போட்ட ஒரு தேதியை வைத்து மூன்று ஆண்டுகள் ஒருவரைக் காக்க வைக்கிறோம்.

2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எதுவானாலும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்லோருக்கும் என்ற கொள்கை எனக்கு உடன்பாடானதே. ஆனால் 70ஐ எட்டுகிறவர்களில் என்னைப் போன்ற ஓய்வூதியர்கள் எத்தனை பேர், நடவு நட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். திட்டங்கள் எல்லோருக்குமாக இருக்கட்டும், ஆனால் தேவை கூடக்கூட உதவியின் அளவும் கூடட்டும் என்பதே மார்மட் 2010 அறிக்கையில் வைத்த வழி. இலவசப் புரை அறுவைச் சிகிச்சைக்கும் மூட்டு வலிக்கான இயன்முறை மருத்துவத்துக்கும் வயலில் உழைப்பவர்களை 45 வயதிலேயே தேடிச் செல்வது அந்த வழியில் வரும். வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர்களிடம் ஏற்கெனவே பட்டியல் இருப்பதால், செலவும் நாம் அஞ்சுகிற அளவுக்கு இருக்காது என்பது என் எண்ணம்.

அந்தப் பெண்மணியின் மகளைச் சென்ற மாதம் ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். நாற்பதுகளின் கடைசியில் இருக்கிறார். இன்னும் நடவுக்குப் போகிறார். கடைப் படியில் ஏறும்போது முழங்காலில் கை ஊன்றித்தான் ஏறினார். இப்போதுள்ள விதிப்படி அவர் மனு கொடுக்க இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

தமிழக அரசு கடந்த பத்து ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளிலிருந்து, தொழில்வாரியாக, வட்டவாரியாக, இறந்தோரின் வயது அட்டவணையை வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பெயர்கள் தேவையில்லை, வயதும் தொழிலும் ஊரும் போதும். தங்கள் செய்தியாளர்களும் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பெற முயல வேண்டுகிறேன். அந்தப் படிவங்களை நிரப்பிய எங்களைப் போன்றவர்கள் பலர் இன்னும் இருக்கிறோம். ‘கூலி’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதிய இடங்களில் என்ன வேலை என்று ஊர் ஊராகச் சென்று விசாரித்துத் திருத்தித் தர, அரசு அழைத்தால் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
விழுப்புரம் மாவட்டம்.